ஸ்பெகட்டி சாஸ் தண்ணீராகிவிடுகிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யுங்கள்

சாஸ் நீர்த்துவிட்டது என்றதும் பலருடைய கை நேரே கார்ன்ஃப்ளார் டப்பாவுக்குத்தான் போகும். ஒரு ஸ்பூன் மாவைக் கரைத்து ஊற்றினால் கெட்டியாகும், மறுக்கவில்லை. கூடவே தக்காளியின் புளிப்பு மட்டுப்படும், நிறம் மங்கும், நாக்கில் ஒரு கொழகொழப்பு ஒட்டும். தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று தெரிந்துவிட்டால் அந்த டப்பாவைத் திறக்கவே வேண்டியிருக்காது. தக்காளி விட்ட நீர், பாஸ்தாவோடு ஒட்டிக்கொண்டு வந்த நீர், காய்கறியோ கறியோ விட்ட நீர், நாமே ஊற்றிய நீர் என்று வழிகள் கொஞ்சம்தான். இவை எல்லாம் திட்டமாக இருந்தும் தண்ணீர் சாஸோடு கலக்காமல் தனியே ஓடுவதும் உண்டு. வீடுகளில் அதிகம் நடப்பது இதுதான். ஆனால் இதைத்தான் கடைசியாகச் சந்தேகப்படுகிறோம்.

கீழே சொல்லும் அளவுகள் இரண்டு பேருக்கானவை: 200 கிராம் ஸ்பெகட்டி, அரை கிலோ தக்காளி.

முதலில் ஒரு ஸ்பூன் சோதனை

ஒரு ஸ்பூன் சாஸைத் தட்டில் விட்டு அரை நிமிடம் தொடாமல் இருங்கள். நடுவில் தக்காளி மேடாக நிற்க, சுற்றிலும் வெளிர் சிவப்பாகத் தண்ணீர் வளையம் கட்டினால், விழுதும் நீரும் பிரிந்து கிடக்கின்றன என்று பொருள். வளையம் இல்லாமல் மொத்தமும் ஒரே சீராகப் பரவி ஓடினால், உண்மையிலேயே நீர் அதிகம், வற்ற வேண்டும். வளையமும் இல்லை, ஓட்டமும் இல்லை, ஆனால் சாப்பாட்டுத் தட்டில் மட்டும் தண்ணீர் தேங்குகிறது என்றால் குற்றவாளி சாஸ் இல்லை, பாஸ்தா. எது என்று பார்த்துக்கொண்டு அந்தந்தப் பகுதிக்குப் போங்கள்.

வாணலியில் சாஸ் நன்றாக இருந்தது, தட்டில் போட்டதும் அடியில் தண்ணீர் தேங்குகிறது

பாஸ்தாவை வடிகட்டி ஒரு தட்டில் கொட்டி, மேலே சாஸை ஊற்றிப் பரிமாறும் வீடுகளில் இது கட்டாயம் நடக்கும். சாதத்தின் மேல் குழம்பு ஊற்றிப் பழகிய கைக்கு இது இயல்பாகவே வரும். சோறு குழம்பை உறிஞ்சிக்கொள்ளும், ஸ்பெகட்டி அப்படி உறிஞ்சாது. வெந்து முடிந்த நூடுலின் மேல் ஈரம் படிந்திருக்கும். சாஸ் அதன் மேல் வழுக்கி இறங்க, ஈரம் அடியில் போய்ச் சேரும்.

இதோடு இன்னும் இரண்டு பழக்கங்கள் சேர்ந்தால் நிலைமை மோசமாகும். ஒட்டக்கூடாது என்று கொதிக்கும் நீரில் எண்ணெய் விடுவது ஒன்று. எண்ணெய் நீரின் மேலேயே மிதக்கும், உள்ளே வேகும் பாஸ்தா ஒட்டாமல் இருக்க அதனால் பெரிய உதவி இல்லை. வடிக்கும்போதுதான் அது நூடுல் மேல் பூசிக்கொண்டு சாஸை வழுக்கச் செய்கிறது. ஒட்டாமல் இருக்க முதல் ஒரு நிமிடம் விடாமல் கிளறினால் போதும். மற்றொன்று, வடித்ததும் குழாயடியில் பிடித்துக் குளிர்ந்த நீரில் அலசுவது. பாஸ்தா சாலட் செய்பவர் அலசலாம். சாஸோடு சாப்பிடுபவர் அலசினால், சாஸைப் பிடித்துவைக்க வேண்டிய மாவுச்சத்தைச் சாக்கடையில் விட்டுவிட்டு, புதிதாகத் தண்ணீரையும் ஏற்றிக்கொண்டு வருகிறார்.

சரிசெய்யும் முறை, இத்தாலியர்கள் வீட்டிலும் உணவகத்திலும் செய்வதுதான். பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே ஸ்பெகட்டியை இடுக்கியால் எடுத்து, பக்கத்து அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும் சாஸுக்குள் போடுங்கள். கடித்தால் நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிய வேண்டும். கூடவே பாஸ்தா வெந்த கஞ்சித் தண்ணீரில் ஒரு சின்னக் கரண்டி, கால் கப் அளவு, ஊற்றுங்கள். தண்ணீராக இருக்கிறது என்று வந்தவரிடம் தண்ணீர் ஊற்றச் சொல்வது விசித்திரமாக இருக்கும். தீயைக் கூட்டி, ஒரு ஸ்பூன் ஆலிவ் எண்ணெயோ வெண்ணெயோ சேர்த்து, இரண்டு நிமிடம் தூக்கித் தூக்கிப் புரட்டுங்கள்.

வாணலியைக் கவனித்துக்கொண்டே இருந்தால் மாற்றம் கண்ணுக்குத் தெரியும். முதல் அரை நிமிடம் முன்னைவிட நீர்த்துத்தான் இருக்கும், குமிழிகள் சின்னதாக, வேகமாக உடையும். பிறகு குமிழி பெரிதாகி மெதுவாக வெடிக்கத் தொடங்கும், ஓரத்தில் மிதந்த எண்ணெய்த் திட்டுகள் காணாமல் போகும், சாஸுக்கு ஒரு மினுமினுப்பு வரும். கரண்டியால் வாணலியின் அடியில் ஒரு கோடு இழுத்தால் கோடு ஒன்றிரண்டு நொடி நின்று பிறகு மூட வேண்டும். அதுதான் பதம், உடனே அணைத்துவிடுங்கள்.

நடந்தது இவ்வளவுதான்: அரை வேக்காட்டுப் பாஸ்தா மீதி வேக்காட்டுக்குத் தேவையான நீரைச் சாஸிலிருந்தே குடித்துக்கொள்கிறது. கஞ்சியில் உள்ள மாவுச்சத்து எண்ணெயையும் நீரையும் பிரியவிடாமல் பிடித்துவைக்கிறது. இந்த மாவுச்சத்துச் சங்கதியை இத்தாலிய இயற்பியலாளர்கள் சிலர் ஆய்வகத்திலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். பாலாடைக்கட்டியும் மிளகும் மட்டுமே சேரும் காச்சோ எ பெப்பே என்ற ரோமாபுரிப் பாஸ்தாவில், மாவுச்சத்து பாலாடைக்கட்டியின் எடையில் ஒரு சதவீதத்துக்குக் கீழே போனால் சாஸ் திரிந்து கட்டி தட்டுகிறது, இரண்டு முதல் மூன்று சதவீதம் இருந்தால் வழவழவென்று நிற்கிறது என்றார்கள். 2025-இல் அவர்களுக்கு இயற்பியலுக்கான இக் நோபல் பரிசு கிடைத்தது. சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் பரிசு அது.

கஞ்சி கெட்டியாக வேண்டுமென்றால் தண்ணீரைக் குறையுங்கள். 100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு என்பது இத்தாலியில் வழிவழியாகச் சொல்லும் கணக்கு. 200 கிராமை ஒன்றரை லிட்டரில் வேகவைத்தாலும் ஒன்றும் கெடாது, அடிக்கடி கிளறினால் சரி. கஞ்சியில் உப்பு இருப்பதால் சாஸில் உப்பைப் பாதியாகப் போட்டு, கடைசியில் ருசி பார்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள்.

பென்னே, மக்ரோனி போல ஓட்டை உள்ளவற்றைச் சமைத்தால் வடிதட்டை நாலைந்து முறை நன்றாக உதற வேண்டும். ஒவ்வொரு குழலுக்குள்ளும் தண்ணீர் ஒளிந்திருக்கும்.

நேரம் ஆகியும் சாஸ் கெட்டியாகவில்லை

அக்கா மகன் வெளியூரில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். "சித்தி, நாப்பது நிமிஷமா கொதிக்குது, அப்படியேதான் இருக்கு" என்று போன்.

"மூடி போட்டிருக்கியாடா?"

"ஆமா, இல்லேன்னா சுவரெல்லாம் தெறிக்குது."

மூடியில் பட்ட ஆவி நீராகித் திரும்ப அதே சாஸில்தான் விழும். நாலு மணி நேரம் வைத்தாலும் வற்றாது. தெறிப்பதுதான் கவலையென்றால் மூடிக்கும் விளிம்புக்கும் நடுவே ஒரு மரக்கரண்டியைக் குறுக்கே வைத்துச் சந்து விடுங்கள், அல்லது சல்லடையைக் கவிழ்த்து மூடுங்கள்.

அடுத்தது பாத்திரம். தக்காளியில் 94, 95 சதவீதம் தண்ணீர்தான். அரை கிலோ தக்காளி கால் கிலோ சாஸாக வேண்டுமென்றால் கால் லிட்டர் நீர் காற்றில் போயாக வேண்டும். நீர் மேற்பரப்பிலிருந்துதான் போகும். 18 செ.மீ. அகலமுள்ள ஆழமான பாத்திரத்தைவிட 28 செ.மீ. அகலமுள்ள வாணலியில் மேற்பரப்பு இரண்டு மடங்குக்கும் மேல். பால் காய்ச்சும் பாத்திரத்தில் சாஸ் வைக்காதீர்கள். தீயும் மிகக் குறைவாக வேண்டாம். குமிழி வந்துகொண்டே இருக்க வேண்டும், அடி பிடிக்காமல் கிளற வேண்டும்.

தக்காளியைப் பொறுத்தவரை, ரசத்துக்கு நாட்டுத் தக்காளிதான் வேண்டும், சாஸுக்கு அது தொல்லை. சாறும் விதையும் அதிகம், சதை குறைவு. சந்தையில் பெங்களூர் தக்காளி என்று விற்கும் நீள்வாக்கான, சதைப்பற்றுள்ள ரகம் சீக்கிரம் வற்றும். புளிப்பு குறைவு என்பதால் பாதிக்குப் பாதி கலப்பவர்களும் உண்டு, கலக்கலாம். இத்தாலியில் சாஸுக்குப் பேர்பெற்ற சான் மர்சானோவும் இதே போல நீண்டு, விதை குறைந்த ரகம்தான். கிடைத்தது நாட்டுத் தக்காளி மட்டும் என்றால், குறுக்கே வெட்டி, விதையையும் சாற்றையும் ஒரு கிண்ணத்தில் பிழிந்துவிட்டுச் சதையை மட்டும் போடுங்கள். பிழிந்த சாறு மறுநாள் ரசத்துக்கு ஆகும்.

மிக்ஸியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேகாத தக்காளியை அரைத்து வைத்துவிட்டு, வெங்காயம் நறுக்கி, பூண்டு உரித்து, பத்து நிமிடம் கழித்து வந்து பார்த்தால் மேலே நுரையும் சக்கையும், கீழே தெளிந்த நீருமாகப் பிரிந்திருக்கும். தக்காளிச் சதையைக் கெட்டியாக வைத்திருப்பது பெக்டின். பழத்தை நசுக்கியதும் அதற்குள்ளேயே இருக்கும் நொதிகள் விழித்துக்கொண்டு பெக்டினை உடைக்க ஆரம்பிக்கும். சூட்டை வேகமாக 85, 90 டிகிரி செல்சியஸுக்கு ஏற்றிவிட்டால் அந்த நொதிகள் செயலிழந்துபோகும். கெட்டியான தக்காளி விழுது தயாரிக்கும் ஆலைகளில் நசுக்கிய கையோடு சூடேற்றுவது இதற்காகத்தான். வீட்டில் செய்ய வேண்டியது சுலபம்: தக்காளியை முழுதாகவோ பாதியாகவோ சூடான எண்ணெயில் போட்டு வதக்கி, குழைந்த பிறகு மசியுங்கள். அரைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் வதக்கி ஆறவைத்து அரையுங்கள். அதையும் விட்டுவிட்டு ஓரிரு சுற்று. நெடுநேரம் ஓடவிட்டால் காற்று ஏறி, சிவப்பு போய் ஆரஞ்சு நிறமாகிவிடும்.

தகர டப்பாவில் வரும் துண்டுத் தக்காளி எவ்வளவு வேகவைத்தும் துண்டு துண்டாகவே நின்று சுற்றிலும் தண்ணீர் ஓடினால் பயப்படாதீர்கள். துண்டுகள் குழையாமல் இருக்கப் பலர் கால்சியம் குளோரைடு சேர்க்கிறார்கள். டப்பாவின் மேல் பொருட்பட்டியலில் இருக்கும். சாஸுக்கு முழுத் தக்காளி டப்பா வாங்கி, கையால் பிசைந்து போடுவதே நல்லது.

வற்றவைக்க நேரமில்லை என்றால் தக்காளிப் பேஸ்ட் ஒரு மேசைக்கரண்டி. ஆனால் கொதிக்கும் சாஸில் கரைக்காதீர்கள், பச்சை வாசனை போகாது. வாணலியின் ஒரு ஓரத்தில் எண்ணெய் விட்டு, பேஸ்ட் செங்கல் நிறத்துக்கு வரும்வரை வறுத்து, பிறகு சாஸோடு சேருங்கள். தக்காளித் தொக்கு கிளறத் தெரிந்தவருக்கு இங்கே கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. ஓரத்தில் எண்ணெய் கசியும் அதே நேரம்தான், தொக்கைவிட ஒரு படி முன்னால் நிறுத்த வேண்டும், அவ்வளவே. கெச்சப் ஊற்றுவது மட்டும் வேண்டாம். அதில் சர்க்கரையும் வினிகரும் வேறு ருசியைக் கொண்டுவந்துவிடும்.

காய்கறி போட்டதும் இளகிவிட்டது

காளானில் 90 சதவீதத்துக்கு மேல் நீர். சுக்கினி, கீரை அதற்குக் குறைந்தவை அல்ல. பச்சையாகச் சாஸில் போட்டால் உப்புப் பட்டதும் எல்லா நீரையும் அங்கேயே விடும். தனி வாணலியில், பெரிய தீயில், நெருக்கமில்லாமல் பரப்பி வதக்குங்கள். காளானுக்கு எண்ணெயும் உப்பும் இல்லாமல் ஆரம்பித்து, அது விட்ட நீர் சுண்டி, சொய்யென்ற சத்தம் திரும்பி வந்த பிறகு எண்ணெய் விடலாம். குடைமிளகாய் அவ்வளவு தொல்லை தராது. வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆனதும் நிறுத்தாமல் ஓரம் சிவக்கும்வரை போனால் நல்லது.

கொத்துக்கறி சாஸ் நீர்த்துக் கிடக்கிறது

கறியை வறுக்காமல் வேகவைத்தால் இதுதான் கதி. அரை கிலோ கொத்துக்கறியைச் சின்ன வாணலியில் ஒரேயடியாகக் கொட்டினால் கறி விடும் நீர் ஆவியாக இடமில்லாமல், அந்த நீரிலேயே கறி சாம்பல் நிறத்தில் வெந்துகொண்டிருக்கும். தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது, கறியும் சிவக்காது. இரண்டு தடவையாகப் பிரித்துப் போட்டு, நீர் முழுக்க வற்றி வாணலியின் அடியில் பழுப்புப் படலம் ஒட்டும்வரை விடுங்கள். உறைந்த கறியென்றால் முதலில் முழுதாக உருகி, நீர் வடிந்திருக்க வேண்டும்.

இங்கே இன்னொரு சங்கதியும் உண்டு. போலோஞ்ஞா நகரத்து ரகு என்ற கொத்துக்கறி சாஸின் செய்முறையை இத்தாலியச் சமையல் அகாதெமி 1982 அக்டோபர் 17 அன்று அந்நகர வணிகச் சபையில் பதிவுசெய்தது. அதில் 300 கிராம் மாட்டுக்கறிக்கும் 150 கிராம் பான்சேட்டாவுக்கும் சேர்த்துத் தக்காளி சாஸ் 5 மேசைக்கரண்டிதான். பான்சேட்டா என்பது உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றி வயிற்றுக்கறி. மைதா, சோளமாவு எதற்கும் அதில் இடமில்லை. நாம் செய்வதோ பெரும்பாலும் தக்காளிக் குழம்பில் மிதக்கும் கறி. அது தவறென்று சொல்லவில்லை, எனக்கும் தக்காளி தூக்கலாக இருந்தால் பிடிக்கும். ஆனால் கெட்டியான ரகுதான் வேண்டுமென்றால் தக்காளியைப் பாதியாகக் குறைத்து, சிறு தீயில் இரண்டு மணி நேரம் பொறுமையாக விடுங்கள்.

குக்கரில் எல்லாம் ஒன்றாக வைத்தேன், திறந்தால் மிதக்கிறது

குக்கரில் நீர் ஆவியாகி வெளியே போவது மிகக் குறைவு. உள்ளே ஊற்றியதும் தக்காளி விட்டதும் உள்ளேயே நிற்கும். பாஸ்தாவின் தலை நனையும் அளவுக்கு மட்டும் நீர் விடுங்கள், தக்காளி அதிகமென்றால் அதையும் குறையுங்கள். இப்போது கையில் இருப்பதைக் காப்பாற்ற, மூடியைத் திறந்தபடியே பெரிய தீயில் மூன்று நிமிடம் கிளறி, அணைத்து ஐந்து நிமிடம் அப்படியே விடுங்கள். பாஸ்தா குழைந்துபோய் நீரும் நிற்கிறதென்றால் இனி உறிஞ்ச அதற்குத் தெம்பில்லை. பாஸ்தாவை அள்ளி எடுத்துவிட்டு நீரை மட்டும் சுண்டவைத்துத் திரும்பக் கலக்குங்கள்.

அடிக்கடி குழைகிறதென்றால் பாக்கெட்டைப் புரட்டிப் பாருங்கள். டியூரம் கோதுமை ரவையில் செய்தது தாங்கும், மைதா கலந்தது தாங்காது. இத்தாலியில் 1967 முதலே உலர் பாஸ்தாவை டியூரத்தில்தான் செய்ய வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் செலவழிக்க மனமிருந்தால், வெண்கல அச்சில் பிழிந்தது என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். மேலே மாவு பூசினாற்போல் சொரசொரப்பாக இருக்கும், சாஸ் அதில் நன்றாகப் பிடிக்கும். கண்ணாடியாக மின்னும் பாஸ்தாவில் வழுக்கும்.

வெள்ளை சாஸ் கெட்டியாக வரவில்லை, அல்லது வந்து இளகிவிட்டது

அரை லிட்டர் பாலுக்கு வெண்ணெய் 40 கிராம், மைதா 40 கிராம். இந்த அளவு போட்டும் நீர்த்திருந்தால் கொதி போதவில்லை. வெதுவெதுப்பில் நிறுத்திவிட்டு மேலும் மைதா சேர்க்காதீர்கள். கிளறிக்கொண்டே கொதி வரவிட்டு, வந்த பிறகும் மூன்று நிமிடம் சிறு தீயில் விடுங்கள். கரண்டியின் பின்புறத்தில் படிந்த சாஸில் விரலால் கோடிட்டால் கோடு நிற்க வேண்டும். ஆறினால் இன்னும் இறுகும், அதனால் சற்று இளக்கமாகவே இறக்கலாம்.

கெட்டியாக இருந்தது அரை மணியில் இளகிவிட்டதென்றால், ருசி பார்த்த ஸ்பூனைத் திரும்ப உள்ளே விட்டது யார் என்று விசாரியுங்கள். எச்சிலில் உள்ள அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைத்துவிடும். எச்சில் படக்கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் அதட்டுவதற்கு இங்கே ஒரு ரசாயனக் காரணமும் கிடைக்கிறது.

தக்காளி சாஸில் கிரீம் ஊற்றியதும் திரிந்து, நீர் பிரிந்து பொடிப் பொடியாக நிற்பது வேறு கோளாறு. 25 சதவீதக் கொழுப்புள்ள கிரீம் புளிப்பையும் கொதியையும் ஒன்றாகத் தாங்காது. அடுப்பை அணைத்து, கொதி அடங்கிய பிறகு, ஒரு கரண்டி சாஸைக் கிரீமில் கலந்து அதை வாணலியில் சேருங்கள். பாலாடைக்கட்டி துருவிப் போடுவதும் அப்படித்தான், அணைத்த பிறகே.

மறுநாள் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தால் நீர் பிரிந்திருக்கிறது

மாவு சேர்க்காத தக்காளி சாஸ் என்றால் பிரச்சினையே இல்லை, சூடாக்கிக் கிளறினால் சேர்ந்துவிடும். சோளமாவு சேர்த்து உறையவைத்த சாஸ்தான் உருகும்போது தண்ணீர் விடும். ஃப்ரீசரில் வைக்கப்போவதை மாவில்லாமல் செய்து, பாஸ்தாவோடு கலக்காமல் வையுங்கள்.

விருந்தாளி உட்கார்ந்துவிட்டார், சாஸ் இன்னும் ஓடுகிறது

இப்போது சாஸ் முழுவதையும் வற்றவைக்க நேரமில்லை. சாஸைச் சல்லடையில் கொட்டினால் தெளிந்த நீர் கீழே இறங்கும். விழுதைத் திரும்ப வாணலியில் போட்டு, அந்த நீரைத் தனியாக அகல வாணலியில் பெரிய தீயில் சுண்டவைத்து ஊற்றுங்கள். தக்காளி ருசி வீணாகாது. பார்மேசான் போன்ற கெட்டிப் பாலாடைக்கட்டி வீட்டில் இருந்தால் இரண்டு கைப்பிடி துருவிச் சேருங்கள். ரொட்டித் தூளை எண்ணெயில் மொறுமொறுப்பாக வறுத்துத் தூவுவது தெற்கு இத்தாலியில் உள்ள வழக்கம். நீரையும் கொஞ்சம் இழுக்கும், பார்க்கவும் திட்டமிட்டுச் செய்தது போலிருக்கும்.

அதுவும் இல்லையென்றால் கார்ன்ஃப்ளார், அரை டீஸ்பூனுக்கு மேல் வேண்டாம். குளிர்ந்த நீரில் கரைத்து, கொதிக்கும் சாஸில் ஊற்றி, ஒரு நிமிடத்தில் இறக்கிவிடுங்கள். தக்காளிப் புளிப்பில் நெடுநேரம் கொதித்தால் சோளமாவின் பிடி தளர்ந்து சாஸ் மறுபடி இளகும். இறுகிப் போனால் கஞ்சித் தண்ணீர் ஒவ்வொரு ஸ்பூனாக விடலாம். அதற்காகவே பாஸ்தா வடிக்கும்போது ஒரு டம்ளர் கஞ்சியை மேடையில் எடுத்துவைத்துவிடுங்கள்.